நிற்கும்போது கோணல், ஓடும்போது நேர்: ஸ்போர்ட்ஸ் காருக்கு அலைன்மென்ட்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் காடி எங்கள் டயர் கடைக்கு வந்தது. வெள்ளை டொயோட்டா 86, ஸ்போர்ட்ஸ் காடி. பேராக் மாநிலத்துப் பீடோரில், செம்பனைக் குலை லோரியும் மைவி மாதிரிச் சின்னக் காடியும் வந்துபோகிற கடை இது. தரையை முகர்ந்துகொண்டு இப்படி ஒரு காடி நுழைந்ததும், எதிரே ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்துவிட்டார்கள். ஓட்டி வந்த தம்பி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். வேலை கோலாலம்பூரில்.

"அண்ணே, டயர் மாத்தி நாலு மாசம்கூட ஆகல. பின்னால உள்பக்கம் கம்பி தெரியுது. அலைன்மென்ட் செஞ்சுதான் வச்சிருக்கேன். பேப்பர்கூட காடியில இருக்கு" என்றான்.

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் பச்சை. குனிந்து டயரைப் பார்த்தேன். வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருந்தது, உள்விளிம்பு மொட்டை. பேப்பரும் பொய் சொல்லவில்லை, டயரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒரே காடியில் உண்மையாக இருக்க முடியும் என்பதை அவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அலைன்மென்ட்டையும் பேலன்சிங்கையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டேரிங் கை நடுக்கம் வந்த மாதிரி ஆடினால் அது பெரும்பாலும் பேலன்சிங். ரிம்மோடு டயரைக் கழற்றிச் சுழலவிட்டு, எடை குறைந்த இடத்தில் சின்னக் கட்டி ஒட்டினால் சரியாகிவிடும். காடி ஒரு பக்கம் இழுப்பது, நேரே போகும்போது ஸ்டேரிங் கோணலாக நிற்பது, டயர் ஒரு ஓரமாகத் தேய்வது, இவைதான் அலைன்மென்ட் சமாசாரம். அது டயர் எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்ற கணக்கு.

அலைன்மென்ட் என்றால் நாலு சக்கரத்தையும் நேராக்குவது என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. காடி ஓடும்போது அதன் மேல் விழும் விசைகள் சக்கரங்களைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பும், சாய்க்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் அமுங்கும், வளைவில் உடம்பு சாயும், பிரேக் போட்டால் மூக்கு இறங்கும். இத்தனையும் நடந்த பிறகு டயர் ரோட்டில் ஒழுங்காகப் பதிய வேண்டும். அதற்காக, நிற்கும்போதே அளந்து கோணலாக வைக்கிறோம். எந்த ரோட்டில், எப்படி ஓட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கோணல் மாறும். அதனால்தான் யாருக்கோ சரியான எண் உங்களுக்குத் தப்பாகிறது.

டயரைத் தின்னும் டோ

மூன்று கோணங்கள் தெரிந்தால் போதும்: டோ, கேம்பர், கேஸ்டர். இவற்றில் பெயர் அதிகம் அடிபடுவது கேம்பர். அதிகம் கெடுதல் செய்வது டோ.

டோ என்றால் கால்விரல். நீங்கள் நின்று குனிந்து உங்கள் பாதங்களைப் பாருங்கள். இரண்டு கட்டை விரலும் ஒன்றையொன்று பார்த்தால் டோ-இன். வாத்து மாதிரி வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட். காடியை மேலேயிருந்து பார்த்தால் டயர்களும் அதே மாதிரிதான். டயரின் முன்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் பின்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து கழித்தால் டோ கிடைக்கும். பேச்சு மில்லிமீட்டரில்தான் இருக்கும். ரொம்பச் சின்ன அளவு என்று தோன்றும்.

அந்தச் சின்ன அளவு என்ன செய்யும் என்று தம்பிக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். டயரின் விட்டம் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயர் மட்டும் 1 மில்லிமீட்டர் திரும்பி நிற்கிறது. அது 600 மில்லிமீட்டர் முன்னே போனால் 1 மில்லிமீட்டர் பக்கவாட்டிலும் போகப் பார்க்கும். ஆனால் எதிர்ப்பக்க டயர் விடாது. ஆக, ரப்பர் ரோட்டில் இழுபடும். ஒரு கிலோமீட்டருக்கு அது 1 மீட்டர் 67 சென்டிமீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அந்த டயரைக் குறுக்கே தேய்த்துக்கொண்டு போகிறீர்கள் என்று கணக்கு. புஸ்பகோம் வாகனச் சோதனை நிலையத்தில் காடியை ஒரு நகரும் தட்டு மேல் ஓட்டச் சொல்வார்கள், பார்த்திருப்பீர்கள். அது இந்தப் பக்கவாட்டு இழுப்பைத்தான் அளக்கிறது.

அவன் காடியை மெஷினில் ஏற்றியபோது பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் உள்ளே திரும்பியிருந்தன. கிலோமீட்டருக்கு 5 மீட்டர். நாலு மாதத்தில் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான். கணக்குப்படி ஒவ்வொரு பின்டயரும் 40 கிலோமீட்டர் குறுக்கே தேய்ந்திருக்கிறது. தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் அருவிக்குப் போய்த் திரும்புகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "டயர் என்ன பாவம் செஞ்சது?" என்று கேட்டேன். சிரித்தான், ஆனால் முகம் நன்றாக இல்லை.

சரி, அப்படியானால் டோவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால் தொல்லை இல்லையே? பல காடிகளில் முன்சக்கரத்துக்குப் பூஜ்யம் நல்ல எண்தான். ஆனால் முழுப் பதில் எந்தச் சக்கரத்துக்கு இஞ்சின் பலம் போகிறது என்பதில் இருக்கிறது. பின்சக்கரம் தள்ளுகிற காடியில், முன்சக்கரங்களை ரோடு பின்னோக்கி இழுக்கும். அவை வெளியே விரியப் பார்க்கும். அதனால் நிற்கும்போது ஒரு மயிரிழை உள்ளே வைப்பார்கள். முன்சக்கரம் இழுக்கிற காடியில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரங்கள் முன்னே ஓடப் பார்த்து உள்ளே திரும்பும். அதனால் பூஜ்யம் அல்லது ஒரு மயிரிழை வெளியே.

முன்னால் கொஞ்சம் டோ-அவுட் இருந்தால் ஸ்டேரிங்கைத் தொட்டதும் காடி திரும்பும். பந்தயக்காரர்களுக்கு அது பிடிக்கும். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு அது தலைவலி. காடி ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் மோப்பம் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் அலையும். பின்னால் மட்டும் டோ-அவுட் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மழையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் முந்திக்கொண்டு வரும். இதில் நான் யாரோடும் வாதம் செய்வதில்லை. பின்டயர்கள் சேர்ந்து 2 மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே பார்த்தால் காடி நேரே ஓடும், தேய்மானமும் தாங்கும்.

டோ கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டியதில்லை. டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டுங்கள், முதலில் உள்ளிருந்து வெளியே, பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு பக்கம் வழுவழு என்றும் மறுபக்கம் மீன் செதிலைத் தடவுவது மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால் டோ சரியில்லை. கம்பி வெளியே வந்த டயரில் இதைச் செய்யாதீர்கள், கை கிழியும்.

கேம்பர்: எவ்வளவு சாய்வு போதும்?

காடியை முன்னாலிருந்து பாருங்கள். டயரின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். தீபாவளி, சீனப்பெருநாள் சமயத்தில் தாமான் வீடுகளின் வாசலில் நிற்கும் சில காடிகளின் பின்சக்கரங்கள் கூரை மாதிரி சாய்ந்திருக்குமே, அது நெகட்டிவ் கேம்பரின் உச்சம். அழகா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. பிரேக் போடும்போது ரோட்டைத் தொடுவது டயரின் ஒரு கீற்றுதான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கேம்பர் எதற்கு? பந்தைத் துரத்தி ஓடுகிறவன் சட்டென்று இடப்பக்கம் திரும்பும்போது வலக்கால் எப்படி ஊன்றுகிறது என்று கவனியுங்கள். உடம்புக்கு நேர் கீழே ஊன்றினால் அவன் விழுந்துவிடுவான். காலைச் சாய்த்து அகலமாக ஊன்றுகிறான். காடி இடப்பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் சாயும். அந்தச் சாய்வோடு வெளிப்பக்க டயரும் வெளியே சாய்ந்து, ஓர விளிம்பில் நிற்கப் பார்க்கும். பளு முழுக்க இருப்பதோ அந்த டயரின் மேல். முன்கூட்டியே அதை உள்ளே சாய்த்து வைத்திருந்தால், உடம்பு சாயும்போது டயர் நிமிர்ந்து முழு அகலத்துக்கும் ரோட்டைப் பிடிக்கும்.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. வளைவில் கிடைப்பதை நேர்ச்சாலையில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறோம். சாய்ந்த டயர் நேரே ஓடும்போது உள்விளிம்பில்தான் அதிகம் நிற்கும். ஆகவே எவ்வளவு நேரம் வளைவில் ஓடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. சிப்பாங் பந்தயத் தடம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், அதற்குள் 15 வளைவுகள். அங்கே முன்னால் 2.5, 3 டிகிரி நெகட்டிவ் வைத்து ஓடுகிறவன் முட்டாள் இல்லை. அதே எண்ணோடு பீடோரிலிருந்து கோலாலம்பூருக்கு வாராவாரம் நெடுஞ்சாலையில் ஓடினால் டயர்க்காரனுக்குக் கொண்டாட்டம். அந்த டயர்க்காரன் நான்தான் என்பதால் சொல்கிறேன்.

இதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. இருபத்தைந்து வயதில் ஒரு பழைய சத்ரியா ஜிடிஐ வாங்கினேன். 1996இல் நம் நாட்டு புரோட்டோன் கம்பெனி இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கிய பிறகு வந்த காடி அது. காடி ரோட்டில் ஓடும் விதத்தை லோட்டஸ் சீர்செய்தது என்று பின்னால் சின்ன ஒட்டுச்சின்னம்கூட உண்டு. அவ்வளவு படித்தவர்கள் உட்கார்ந்து வைத்த எண்ணை நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். முன்னால் 3 டிகிரி நெகட்டிவ். கேம்பரை மாற்றினால் டோவும் கூடவே மாறும் என்று அப்போது தெரியாது. திரும்ப அளக்கவில்லை. முதல் மழையில் தாப்பா ரோட்டில் பிரேக் போட்டபோது காடி நிற்க மனமில்லாமல் நின்றது. அன்றைக்குத்தான் உள்பக்கம் குனிந்து பார்த்தேன்.

பாருங்கள், டயரைத் தேய்ப்பது டோ. எந்த இடத்தில் தேய்ப்பது என்று காட்டிக் கொடுப்பது கேம்பர். இரண்டும் சேர்ந்தால்தான் உள்விளிம்பு நாலு மாதத்தில் மொட்டையாகும். டோ சரியாக இருந்தால் ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரில் ஒரு செட் டயர் நல்லபடியாகவே ஓடும். தம்பியின் காடியில் பின்கேம்பர் 2.3 டிகிரி நெகட்டிவ். டோ-இன் வெளிவிளிம்பைத்தானே தேய்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். சாய்வு பளுவை உள்விளிம்புக்குத் தள்ளிவிட்டதால் தேய்மானமும் அங்கேயே போய்விட்டது.

உள்விளிம்பின் கெட்ட குணம், அது கண்ணில் படாது. முன்சக்கரமென்றால் ஸ்டேரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு எட்டிப் பார்க்கலாம். பின்சக்கரத்துக்குக் கைப்பேசியை டயருக்குப் பின்னால் நீட்டி ஒரு படம் எடுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

கேஸ்டர், சைக்கிள், நண்டு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கேஸ்டரைப் புரியவைப்பது சுலபம். இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டாத பையன் உண்டா? ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டிய அப்பாமார்களையும் பார்த்திருக்கிறோம். கையை விட்டாலும் சைக்கிள் நேரே போகிறதே, ஏன்? காரணங்களில் முக்கியமான ஒன்று, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை செங்குத்தாக இல்லாமல் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது. அந்தச் சாய்வுக் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். டயர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருவதால் தானாக நேராகிறது. காடியில் ஸ்டேரிங் திரும்பும் அச்சின் சாய்வுதான் கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டேரிங் தானாகத் திரும்பி வருவது இதனால்.

ஸ்போர்ட்ஸ் காடிக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. கேஸ்டர் இருந்தால், ஸ்டேரிங்கைத் திருப்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் தானாகவே உள்ளே சாயும். வேண்டிய நேரத்தில் மட்டும் கிடைக்கிற கேம்பர் அது. நேர்ச்சாலையில் டயரைத் தின்பதில்லை. அதனால் காடி கொடுக்கிற கேஸ்டரை நிறைவாக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் காடி அந்தப் பக்கம் இழுக்கும். பல காடிகளில் கேஸ்டரைத் திருக கம்பெனி போல்ட் கிடையாது. பள்ளத்தில் விழுந்து, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையான லோவர் ஆர்ம் வளைந்தால் அது மாறிவிடும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் அதற்கு வாய்ப்பு நிறைய.

சில காடிகள் முன்னால் போவதைப் பின்னாலிருந்து பார்த்தால் உடம்பு ஒரு பக்கம் தள்ளி, நண்டு நடப்பது மாதிரி இருக்கும். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் பார்ப்பதன் விளைவு அது. ஓட்டுகிறவர் அதைச் சமாளிக்க ஸ்டேரிங்கைக் கோணலாகப் பிடித்துக்கொண்டே போவார். முன்சக்கரத்தை எத்தனை தடவை திருகினாலும் இது தீராது. அதனால் பின்னால் சரிசெய்ய வசதியுள்ள காடிக்கு நாலு சக்கர அலைன்மென்ட்தான். பின்னால் முதலில், முன்னால் அப்புறம். முன்சக்கரம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பச்சைப் பேப்பரின் ரகசியம்

இப்போது தம்பியின் பேப்பருக்கு வருகிறேன். தேதியைப் பார்த்தேன். அலைன்மென்ட் செய்து மூன்று வாரம் கழித்து அவன் ஸ்பிரிங் மாற்றிக் காடியைத் தாழ்த்தியிருக்கிறான். "டயர் மாத்தலையே அண்ணே, ஸ்பிரிங்தானே மாத்துனேன்" என்றான்.

ஸ்பிரிங்கைத் தொட்டால் எல்லாக் கோணத்தையும் தொட்ட மாதிரி. காடி கீழே இறங்கும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் சாய்வு மாறுகிறது. கேம்பர் மாறும், டோ மாறும். புது ஸ்பிரிங் போட்டால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி அது அமர்ந்த பிறகு அளக்க வேண்டும். கையோடு கையாக அளப்பதும் தப்பு, அளக்காமலே விடுவது அதைவிடத் தப்பு.

ரொம்பத் தாழ்த்துவதில் இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது. டொயோட்டா 86, சத்ரியா, மைவி எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். குலுக்கலை அடக்கும் அப்சோபரே சக்கரத்தின் மேல்பிடியாகவும் இருக்கும் அமைப்பு. எர்ல் மேக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். மலிவு, இடமும் குறைவு. ஆனால் லோவர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போகும் அளவுக்குக் காடியைத் தாழ்த்தினால், வளைவில் அமுங்கும்போது நெகட்டிவ் கேம்பர் கூடுவதற்குப் பதிலாகக் குறைய ஆரம்பிக்கும். பார்வைக்குப் பந்தயக் காடி, வளைவில் பழைய வேன். எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்கு இது தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்தும் அழகு முக்கியம்.

பேப்பர் பச்சையாக இருந்தாலும் அதைக் கொஞ்சம் படிக்கத் தெரிய வேண்டும். பச்சை என்றால் கம்பெனி அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டுமே பொருள். எல்லை அகலமானது. இடப்பக்கம் ஒரு ஓரத்திலும் வலப்பக்கம் மறு ஓரத்திலும் இருந்தாலும் இரண்டும் பச்சைதான், ஆனால் காடி இழுக்கும். ஆகவே இடமும் வலமும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள். அப்புறம், சில மெஷின்கள் டிகிரியை 60 மினிட்டாகப் பிரித்துக் காட்டும், சில தசமத்தில் காட்டும். 1 டிகிரி 30 மினிட் என்பது 1.5, 1.3 இல்லை. இந்த ஒரு குழப்பத்தால் மாறி மாறித் திருகியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெஷினில் ஏற்றுவதற்கு முன் செய்கிற வேலைதான் என்னைக் கேட்டால் பெரிய வேலை. நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா? ஸ்டேரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராட், சக்கர மூட்டான பால் ஜாயின்ட் ஆடுகிறதா? புஷ் கிழிந்திருக்கிறதா? ஆடுகிற சாமானை வைத்துக்கொண்டு கோணம் பார்ப்பது ஆடுகிற தராசில் பொன் நிறுப்பதைப் போல. காடி ஒரு பக்கம் இழுத்தால், முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். திசை காட்டும் அம்புக்குறி உள்ள டயர் என்றால் இந்தச் சோதனையை மட்டும் செய்துவிட்டு உடனே திரும்ப மாற்றிவிட வேண்டும். இழுப்பு மறுபக்கம் மாறினால் குற்றம் டயரில், அலைன்மென்ட்டில் இல்லை.

இன்னொன்று நம் ரோடு. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று ரோட்டின் நடுவை உயர்த்திப் போடுவார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆக, ஸ்டேரிங்கை விட்டால் காடி மெல்ல இடப்பக்கம் நழுவுவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு அலைன்மென்ட் கெட்டுவிட்டது என்று ஓடி வருகிறார்கள். சமமான இடத்தில் விட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

சரி, எவ்வளவுதான் வைப்பது? காடியின் கையேட்டில் உள்ள எண்தான் தொடக்கம். வார நாளில் வேலைக்கும், மாதம் ஒருமுறை மலைக்கும் போகிற ஸ்போர்ட்ஸ் காடிக்கு நான் பொதுவாக முன்கேம்பர் 1 முதல் 1.5 டிகிரி நெகட்டிவ், பின்னாலும் ஏறக்குறைய அதே அளவு, முன்டோ பூஜ்யத்தை ஒட்டி, பின்டோ மேலே சொன்ன 2 மில்லிமீட்டர் உள்ளே என்று ஆரம்பிப்பேன். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்தான் காடியின் குணத்தை மாற்றும். கம்பெனிகள் பெரும்பாலும் முன்டயர்களின் பிடியைக் கொஞ்சம் குறைத்தே வைக்கும். வேகம் கூடினால் மூக்கு வெளியே ஓடும். அப்போது சாதாரண ஓட்டுநர் பயந்து காலை எடுப்பார், காடி அடங்கிவிடும். வால் வெளியே வந்தால் அப்படி அடக்க எல்லோராலும் முடியாது.

தம்பியின் காடியில் அந்தக் குணம் மிஞ்சிவிட்டது. "கேமரன் மலைக்கு ரிங்லெட் போற வழியில வளைவுல முன்பக்கம் வெளிய வெளிய ஓடுதுண்ணே" என்று அவனே சொன்னான். பின்னால் 2.3 இருக்க, முன்னால் அரை டிகிரிகூட இல்லை. வேறென்ன செய்யும்? இந்தக் காடியில் முன்கேம்பரைத் திருக நேரடி வசதி இல்லை. ஸ்ட்ரட்டும் சக்கரப் பிடியும் சேரும் இடத்தில், நடுவில் மெலிந்த கேம்பர் போல்ட் போட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கும். போட்டோம்; 1.3க்கு வந்தது. பின்கேம்பரைக் குறைக்க, சக்கரத்தைப் பிடிக்கும் வேறு கை தனியாக வாங்க வேண்டும், அது அவன் அடுத்த போனசுக்குப் பார்த்துக்கொள்ளட்டும். பின்டோவைத் திருகப் போல்ட் உண்டு. அதை முதலில் சரிசெய்தோம். பின்டோ, முன்கேம்பர், கடைசியில் முன்டோ. இந்த வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும். வேலை முடிந்ததும் ஸ்டேரிங் நடுநிலையைக் காடியின் கணினிக்கும் சொல்லிக் கொடுத்தோம். சறுக்கலைத் தடுக்கும் வசதியுள்ள காடிகளில் இதை விட்டால் கணினி நேரே போவதையே திரும்புவதாக நினைத்துக்கொள்ளும்.

மெஷின் வராத காலத்தில் என் குரு இதையெல்லாம் தூண்டில் நரம்பில் செய்தார். காடியின் இரண்டு பக்கமும் நரம்பை நீளமாக இழுத்துக் கட்டி, சக்கர நடுவிலிருந்து அளந்து இரண்டு நரம்பையும் இணையாக வைப்பார். அப்புறம் ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நரம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரும்பு ஸ்கேலில் பார்ப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. இன்றைக்கும் பந்தயத் தடத்தின் ஓரத்தில் அந்த வழியைக் கையாளுகிறவர்கள் இருக்கிறார்கள். தரை மட்டமாக இருந்தால் நரம்பு பொய் சொல்லாது.

குருவிடமிருந்து வந்த இன்னொரு பழக்கம், ஓட்டுநர் இருக்கையில் அரிசி மூட்டை வைப்பது. காடி தாழ்வாகவும் இலேசாகவும் இருந்தால் ஓட்டுகிறவரின் எடைகூடக் கோணத்தை அசைக்கும். தம்பியின் எடையைக் கேட்டு ஏழு மூட்டை வைத்தோம், ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. ஒட்டுக்கடைக்காரர் கடன் கொடுத்தார். பக்கத்து இருக்கையைப் பார்த்து, "அப்பா எப்பவும் இங்கதான் உக்காருவாரு, அவருக்கும் வைக்கணுமா?" என்று கேட்டான். அவர் தினமும் வருகிறாரா என்று கேட்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்றான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு அப்பாவோடுதான் வந்தான். காடியைத் தூக்கி, பின்டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரே மாதிரி வழுவழுப்பு. வலப்பக்கப் பின்டயரில் காற்று மட்டும் நாலு பிஎஸ்ஐ குறைந்திருந்தது.